அழுவாச்சிப் படத்துக்குப் போட்ட கும்பிடு: ஹோமேஜ் ரீமேக்னா என்ன?

ரீமேக்னு சொன்னாலே நமக்கு ஞாபகம் வர்றது ஒண்ணுதான், ஒரு மொழில ஓடின படத்தோட ரைட்ஸ வாங்கி, ஹீரோவுக்கு ஏத்த மாதிரி ரெண்டு ஃபைட்டு சேத்து இன்னொரு மொழில எடுக்கறது. அதுல தப்பு ஒண்ணும் இல்ல, அது வியாபாரம். ஆனா இதே வார்த்தைக்குள்ள இன்னொரு ரகமும் ஒளிஞ்சிருக்கு. ஒரு டைரக்டரு, தான் கொண்டாடற பழைய டைரக்டர் ஒருத்தரோட படத்தை எடுத்துக்கிட்டு, அந்தக் கலரு, அந்த லைட்டிங்கு, அந்தக் காலத்து பேச்சு, மியூசிக் போடற விதம் வரைக்கும் திரும்ப கொண்டு வந்து, "நான் உங்க கிட்ட கத்துக்கிட்டவன்"னு சொல்றதுக்காகவே ஒரு படம் எடுக்கறது. இதுக்கு ஹோமேஜ்னு பேரு, மரியாதை பண்றதுன்னு அர்த்தம்.

இந்த மாதிரி படம் வந்தா விமர்சகர்கள் பாடு கொஞ்சம் திண்டாட்டம்தான். ஏன்னா மார்க் எதுக்குப் போடறது? புதுப் படத்துக்கா, பழசுக்கா, இல்ல ரெண்டுக்கும் நடுவுல இருக்கற தூரத்துக்கா? பழசு அப்படியே இருந்தா "எதுக்குய்யா இன்னொரு தடவ"ன்னு கேப்பாங்க, மாத்தினா "பெரியவர் படத்துல கைய வெச்சுட்டான்"னு கேப்பாங்க. இதை பொதுவா சொல்லிட்டே போனா ஒண்ணும் பிடிபடாது, அதனால எனக்கு நல்லா தெரிஞ்ச ஒரே ஒரு உதாரணத்தை வெச்சே சொல்லிடறேன். பழைய படம் 1955ல டக்ளஸ் சர்க் எடுத்த 'ஆல் தட் ஹெவன் அலவ்ஸ்'. புதுசு 2002ல டாட் ஹெய்ன்ஸ் எடுத்த 'ஃபார் ஃப்ரம் ஹெவன்'. ரெண்டுக்கும் நடுவுல 1974ல ஒரு ஜெர்மன் படம் வருது, அதையும் விட முடியாது.

நான் இதைத் தலைகீழா பார்த்தவன், அதாவது 2002 படத்தைத்தான் மொதல்ல பார்த்தேன், சர்க்னு ஒருத்தர் இருந்தாருன்னே தெரியாது அப்போ. முதல் பத்து நிமிஷம் ஏதோ பழைய விளம்பரப் படம் பாக்கற மாதிரி இருந்துச்சு, மரமெல்லாம் செக்கச்செவேல்னு, பொம்பளைங்க போட்டிருக்கற கவுன் அந்த இலைக்கு மேட்ச்சா, பசங்க "அய்யோ அம்மா"ன்னு ரேடியோ நாடகம் மாதிரி பேசுதுங்க, வயலின் வேற விடாம வாசிக்கறாங்க. கிண்டல் பண்றாங்களா சீரியஸா எடுத்திருக்காங்களான்னே புரியல. அப்புறம் எப்போன்னு சொல்லத் தெரியல, தொண்டை அடைச்சுடுச்சு. கிண்டலா இல்லையான்னு எனக்கு வந்த இந்தக் குழப்பம்தான் அந்தப் படத்தைப் பத்தின விமர்சனங்களுக்கும் நடுநாயகமான விஷயம்னு அப்புறம்தான் தெரிஞ்சுது.

சரி, சர்க் யாரு. ஜெர்மனில ஹாம்பர்க்ல 1897ல பொறந்தவரு, அப்போ பேரு டெட்லெஃப் சீர்க். நாடக டைரக்டரா இருந்து, 1930கள்ல அங்க உஃபா ஸ்டுடியோவுல சினிமாவுக்கு வந்தாரு. ரெண்டாவது மனைவி யூதப் பெண், ஹிட்லர் ஆட்சி, 1937ல நாட்டை விட்டுக் கிளம்பிட்டாரு. முதல் மனைவி நாஜிக் கட்சிப் பக்கம் போனவங்க, பெத்த பையனை இவர் கண்ணுலயே காட்டல. அந்தப் பையன் நாஜி காலத்துப் படங்கள்ல குழந்தை நட்சத்திரமா நடிச்சு, கடைசில 1944ல கிழக்குப் போர்முனையில செத்துப்போனான். இதெல்லாம் எதுக்கு சொல்றேன்னா, பின்னால ஹாலிவுட்ல இந்த மனுஷன் எடுத்ததெல்லாம் 'கண்ணீர்ப் படம்', 'பொம்பளைங்க படம்'னு முத்திரை குத்தி ஓரமா வெச்சாங்க, ஆனா குடும்பம்ங்கறது ஆளை எப்படிப் பிடிச்சு நசுக்கும்னு அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியிருக்கல.

1950கள்ல யுனிவர்சல் ஸ்டுடியோவுக்காக வரிசையா எடுத்தாரு. 1954ல 'மேக்னிஃபிசன்ட் அப்செஷன்', 55ல நம்ம படம், 56ல 'ரிட்டன் ஆன் த விண்ட்', 59ல 'இமிடேஷன் ஆஃப் லைஃப்'. இதுல ஒரு தமாஷ் பாருங்க, 54 படமும் 59 படமுமே ரீமேக்தான், 1930கள்ல ஜான் ஸ்டால் எடுத்ததை ஸ்டுடியோ திரும்ப எடுக்கச் சொன்னது. ரீமேக் எடுத்தே பேர் வாங்கினவருக்குப் பின்னாடி ரீமேக்காலயே மரியாதை நடந்திருக்கு.

'ஆல் தட் ஹெவன் அலவ்ஸ்' கதை ரொம்ப சிம்பிள். கேரின்னு ஒரு விதவை, ஜேன் வைமன் நடிச்சிருக்காங்க, வளர்ந்த புள்ளைங்க ரெண்டு, நல்ல வீடு, ஊர் கிளப்பு. வீட்டுல செடி வெட்ட வர்ற ரான் மேல, அதாவது ராக் ஹட்சன் மேல, காதல் வருது. அவன் வயசுல சின்னவன், அந்தஸ்துலயும் கீழ. ஊரு பேசுது, புள்ளைங்க கோவிச்சுக்குதுங்க, இவங்களும் "சரி வேணாம்"னு விட்டுக்கொடுத்துடறாங்க. விட்டுக்கொடுத்த கொஞ்ச நாள்லயே, கிறிஸ்மஸ் அன்னிக்கு, பொண்ணு கல்யாணம் பண்ணிட்டுப் போறேங்குது, பையன் வெளிநாடு போறேங்கறான், வீட்டை வித்துடலாம்ங்கறான். அம்மாவுக்குத் துணைக்கு என்ன? ஒரு டிவி பெட்டி, பரிசா. கடைக்காரன் வந்து இந்த குமிழைத் திருகினா போதும்மா, வேணுங்கற துணை எல்லாம் இதுலயே வரும்னு பேசிட்டிருக்கான், கேமரா மெல்ல அந்த அணைஞ்ச ஸ்க்ரீன் கிட்ட போகுது, அதுல கேரியோட முகம் மட்டும் தெரியுது, பெட்டிக்குள்ள அடைச்சு வெச்ச மாதிரி. இவ்ளோதான் சீனு. கேரிக்கு ஒரு வசனம் கூட இல்லாம அவங்களோட மிச்ச வாழ்க்கையச் சொல்லிட்டாரு.

படத்தோட பேரைப் பத்தி சர்க் பின்னால ஒரு பேட்டில சொன்னது உண்டு. சொர்க்கம் எவ்ளோ குடுக்குதோ அவ்ளோங்கற மாதிரி அந்தப் பேருக்கு அர்த்தம். ஸ்டுடியோக்காரங்க அதை வேண்டியதெல்லாம் கிடைக்கும்னு புரிஞ்சுக்கிட்டு சந்தோஷப்பட்டாங்களாம். இவரு நெனச்சது நேரெதிர், சொர்க்கம் ஒரு கஞ்சன்னு. ஒரே டைட்டில், ரெண்டு அர்த்தம். அவரோட படம் எல்லாமே இப்படித்தான், மேல பாத்தா ஜிகினா, உள்ள பாத்தா வேற.

அந்தக் காலத்து அமெரிக்க விமர்சகர்கள்ல பெரும்பாலானவங்க மேல இருந்த ஜிகினாவோட நிறுத்திக்கிட்டாங்க. படங்கள் ஓடுச்சு, காசு வந்துச்சு, ஆனா 'கலை'ங்கற கணக்குல யாரும் சேக்கல. கலர் ஓவரு, மியூசிக் ஓவரு, நடிப்பு ஓவரு, தற்செயலா நடக்கறது ஓவரு. பொம்பளைங்க கர்ச்சீப்போட போய்ப் பாக்கற படத்தை எவன் சீரியஸா எழுதுவான்ங்கற ஒரு எளக்காரமும் இருந்துச்சு, அதை மறைக்க வேணாம். சர்க்கும் 1959ல 'இமிடேஷன் ஆஃப் லைஃப்' பெரிய வசூல் பண்ணின கையோட ஹாலிவுட்ட விட்டுட்டு ஐரோப்பாவுக்குத் திரும்பிட்டாரு.

காத்து திரும்பினது அங்கதான். பிரான்ஸ்ல 'கய்யே து சினிமா' பத்திரிகைக்காரங்க ஹாலிவுட்ல யாரும் மதிக்காத டைரக்டர்களைத் தேடித் தேடி எழுதிட்டிருந்த காலம், பின்னால பெரிய டைரக்டரான கொதார் 1959லயே சர்க் படத்தைப் பத்தி உருகி எழுதியிருக்காரு. 1971ல ஜான் ஹாலிடேன்னு ஒருத்தர் சர்க் கூட உக்காந்து பேசின நீளமான பேட்டி புத்தகமா வந்துச்சு, மேல சொன்ன கஞ்சன் விஷயமெல்லாம் அதுலதான் இருக்கு. அடுத்த வருஷம் எடின்பரோ திரைப்பட விழாவுல அவர் படங்களை மொத்தமா போட்டாங்க. அதுக்கப்புறம் பல்கலைக்கழகத்துல சினிமா படிக்கறவங்க, குறிப்பா பெண்ணியப் பார்வையில எழுதறவங்க, இந்த 'ஓவர்'தான் அவரோட மொழியேன்னு சொல்ல ஆரம்பிச்சாங்க. பேச முடியாததை அந்தப் பாத்திரங்க பேசல, அதுக்குப் பதிலா சுவத்துல விழற நீலக் கலரு பேசுது, வயலின் பேசுதுன்னு. வேடிக்கை என்னன்னா படங்க எல்லாம் பழசேதான், ஒரு ஃப்ரேம் கூட மாறல, பாக்கற கண்ணுதான் மாறுச்சு.

அதே 1971ல ஜெர்மனில இருபத்தஞ்சு வயசு தாண்டின ஒரு பையன், அதுக்குள்ள எக்கச்சக்கமா படம் எடுத்துட்டவன், சர்க்கோட ஆறு படத்தைப் பத்தி ஒரு கட்டுரை எழுதறான். ரெய்னர் வெர்னர் ஃபாஸ்பிண்டர். எனக்குத் தெரிஞ்சு மனுஷங்களை வெறுக்காம நேசிக்கற ஆள் எடுத்த படம் இதுங்கற மாதிரி எழுதியிருப்பாரு, படிச்சா ரசிகர் கடுதாசி மாதிரியே இருக்கும். சுவிட்சர்லாந்துக்கே போய் பெரியவரைப் பார்த்துட்டு வந்தாரு. மூணு வருஷம் கழிச்சு எடுத்த படம் 'அலி: ஃபியர் ஈட்ஸ் த சோல்'. மாடமாளிகை விதவை இல்ல இதுல, அறுபது வயசு கூட்டிப் பெருக்கற அம்மா, எம்மி. தோட்டக்காரன் இல்ல, மொராக்கோலேர்ந்து ஜெர்மனிக்கு கூலி வேலைக்கு வந்த அலி. இருபது வயசுக்கு மேல வித்தியாசம். மியூனிக்ல, கிட்டத்தட்ட ரெண்டே வாரத்துல ஷூட்டிங் முடிச்சுட்டாரு. ஜிகினா சுத்தமா இல்ல, சுவரெல்லாம் காஞ்சு போயிருக்கும், ஆளுங்க சிலை மாதிரி நின்னு முறைப்பாங்க.

ஆனா டிவி இருக்கு! எம்மி புள்ளைங்களைக் கூப்பிட்டு உக்காரவெச்சு "இவர்தான் என் புருஷன்"னு அலியக் காட்டறாங்க. கேமரா ஒவ்வொரு மூஞ்சியா நகருது. ஒரு பையன் எழுந்து போய் அம்மாவோட டிவி பெட்டிய எட்டி உதைச்சு உடைக்கறான். சர்க் படத்துல புள்ளைங்க டிவிய வாங்கிக் குடுத்து அம்மாவை அடைச்சாங்க, இங்க உடைச்சு அவமானப்படுத்தறாங்க. பழசைத் தெரிஞ்சவனுக்கு அந்த உதை ரெண்டு மடங்கா வலிக்கும், தெரியாதவனுக்கும் வலிக்கத்தான் செய்யும். நல்ல ஹோமேஜுக்கு இதைவிட ஒரு உதாரணம் எனக்கு ஞாபகம் வரல. அந்த வருஷம் கான் விழாவுல சர்வதேச விமர்சகர்கள் பரிசு இதுக்குக் கிடைச்சுது.

இப்ப 2002க்கு வரலாம். டாட் ஹெய்ன்ஸ் பிரவுன் யுனிவர்சிட்டில படிச்சவரு, சர்க்கைக் கொண்டாடின அந்த சினிமா படிப்புத் தலைமுறைல வளர்ந்தவரு. அவரு எடுத்த முடிவு ஃபாஸ்பிண்டருக்கு நேரெதிரு. காலத்தை மாத்தல, ஊரை மாத்தல, பாணிய மாத்தல. 1957, கனெக்டிகட் மாகாணம், ஹார்ட்ஃபோர்டு. கேமராமேன் எட் லாக்மன் அந்தக் காலத்து ஸ்டுடியோ லைட்டிங் மாதிரியே நீலமும் ஆரஞ்சும் பச்சையுமா அடிச்சிருப்பாரு, சாண்டி பவல் தெச்ச துணி, எல்மர் பெர்ன்ஸ்டைன் மியூசிக். பெர்ன்ஸ்டைன் நிஜமாவே 50கள்ல ஹாலிவுட்ல மியூசிக் போட்டவரு, அதனால அவர் யாரையும் காப்பியடிக்க வேண்டியிருக்கல, தன் வீட்டுக்குத் திரும்பி வந்த மாதிரி வாசிச்சுட்டுப் போயிட்டாரு. 2004ல அவர் காலமாயிட்டாரு, அவரோட கடைசி பெரிய வேலை இதுதான்.

மாத்தினது கதைக்குள்ள. கேத்தி, ஜூலியன் மூர், பத்திரிகைல ஃபோட்டோ வர்ற அளவுக்கு முன்மாதிரி குடும்பத் தலைவி. புருஷன் ஃப்ராங்க், டென்னிஸ் க்வெய்டு, ஒரு நாள் ராத்திரி ஆஃபீஸ்ல இன்னொரு ஆம்பளையோட இருக்கறதை இவங்க பாத்துடறாங்க. தோட்டக்காரர் ரேமண்ட், டென்னிஸ் ஹேஸ்பர்ட், மனைவியை இழந்தவர், சின்னப் பொண்ணு ஒண்ணு, கருப்பினத்தவர். கேத்தி மனசு விட்டுப் பேச முடிஞ்ச ஒரே ஆள் அவர்தான், அது ஊர் கண்ணுல பட்டுடுது.

1955ல சர்க்கால இந்த ரெண்டையும் எடுத்திருக்க முடியாது. 1934லேர்ந்து 1968 வரைக்கும் ஹாலிவுட்ல ஹேஸ் கோடுன்னு ஒரு தணிக்கை விதி, தன்பாலின ஈர்ப்புங்கற பேச்சுக்கே 50கள்ல இடமில்ல, வெள்ளையர் கருப்பர் காதலும் ரொம்ப வருஷம் தடை லிஸ்ட்ல இருந்துச்சு. அதைவிடக் கொடுமை, சர்க் படத்துல அந்த ஆம்பளைத்தனமான தோட்டக்காரனா நடிச்ச ராக் ஹட்சனே தன்பாலின ஈர்ப்பாளர், வாழ்நாள் பூரா அதை மறைச்சு வெச்சு நடிக்க வேண்டியிருந்துச்சு, 1985ல அவருக்கு எய்ட்ஸ்னு செய்தி வந்தப்பதான் ஊருக்கெல்லாம் தெரிஞ்சுது, அதே வருஷம் இறந்தும்போனாரு. ஹெய்ன்ஸ் பண்ணினது என்னன்னா, பழைய படத்துக்கு வெளிய கேமராவுக்குப் பின்னாடி ஒளிஞ்சிட்டிருந்த அந்த உண்மைய, அதே காலத்து படம் மாதிரியே இருக்கற ஒரு படத்துக்குள்ள கொண்டுவந்து நிறுத்தினது. விமர்சகர் ரோஜர் ஈபர்ட் நாலுக்கு நாலு ஸ்டார் குடுத்துட்டு, 1957ல வந்த படங்கள்லயே ரொம்ப தைரியமான நல்ல படம் மாதிரி இருக்குன்னு எழுதினாரு. எவ்ளோ சரியான வரி பாருங்க, 2002 படத்துக்கு 1957ல மார்க் போடறாரு.

எனக்குப் பிடிச்ச இன்னொரு சமாச்சாரம், படம் பூரா எல்லாரும் 50கள் படத்து நாசூக்கோட பேசறாங்களா, ஒரே ஒரு இடத்துல, டாக்டர் கிட்ட 'குணமாக்க' போயிட்டு வெளிய வந்த ஃப்ராங்க் பொண்டாட்டி மேல எரிஞ்சு விழறப்ப ஒரு கெட்ட வார்த்தை வந்துடுது. இன்னிக்குப் படத்துல நிமிஷத்துக்கு நாலு தடவ வர்ற வார்த்தைதான், ஆனா இந்தப் படத்துல அது கன்னத்துல அறைஞ்ச மாதிரி விழும். அந்தப் பழைய பாணிய அவ்ளோ நேரம் கட்டிக் காத்ததால வர்ற பலம் அது. மியாமி ஹோட்டல்ல ஒரு கருப்பினச் சின்னப் பையன் நீச்சல் குளத்துல காலை வெச்சதும் குளத்துல இருந்த வெள்ளைக்காரக் குடும்பங்க எல்லாம் ஒண்ணும் பேசாம மேல ஏறி வந்துடும், அதுவும் அப்படித்தான், அழகான கலர்ல எடுத்திருப்பாங்க, அதனாலயே வயித்தைக் கலக்கும்.

வரவேற்புன்னு பாத்தா, 2002 செப்டம்பர்ல வெனிஸ் விழாவுல முதல்ல காட்டினாங்க, ஜூலியன் மூருக்கு சிறந்த நடிகை, லாக்மனுக்கு ஒளிப்பதிவுக்காகத் தனி விருது. நியூயார்க் விமர்சகர்கள் சங்கம் அந்த வருஷம் சிறந்த படம், சிறந்த டைரக்டர் உட்பட அஞ்சு விருதை இதுக்கே குடுத்துட்டாங்க. ஆஸ்கர்ல நாலு நாமினேஷன், ஒண்ணும் கிடைக்கல. ஆனா அந்த நாலுல ஒண்ணு என்ன தெரியுமா, ஒரிஜினல் ஸ்க்ரீன்ப்ளே! ஊரே சர்க் படம் சர்க் படம்னு எழுதிட்டிருக்கு, அகாடமி அதை சொந்தக் கதைங்கற பிரிவுல வெச்சிருக்கு. சட்டப்படி ரைட்ஸ் வாங்கின ரீமேக் இல்லைங்கறதால அதுல தப்பில்ல. ஆனா இந்த மாதிரி படத்தை எந்த டப்பாவுலயும் அடைக்க முடியாதுங்கறது அதுலயே தெரியுதில்ல? 2016ல பிபிசி உலகம் பூரா விமர்சகர்களைக் கேட்டு இந்த நூற்றாண்டோட 100 படம்னு போட்ட லிஸ்ட்லயும் இது இருந்துச்சு.

என் அபிப்பிராயம் ஒண்ணு சொல்றேன், ஒத்துக்கணும்னு இல்ல. அந்தப் பாராட்டுல பாதி ஹெய்ன்ஸுக்கு, பாதி பழைய கடன் அடைச்சது. சர்க் உயிரோட ஹாலிவுட்ல இருந்தப்ப கர்ச்சீப் படம்னு ஒதுக்கின அதே தொழில், நாப்பத்தேழு வருஷம் கழிச்சு அதே பாணில ஒருத்தன் எடுத்துட்டு வந்தப்ப எழுந்து நின்னு கை தட்டுச்சு. நடுவுல அந்த பிரெஞ்சு பத்திரிகையும் ஹாலிடே புத்தகமும் ஃபாஸ்பிண்டரும் இல்லேன்னா 2002ல இந்தப் படத்தைப் பாத்து "என்னடா இது சீரியல் மாதிரி"ன்னுதான் எழுதியிருப்பாங்க, நான் முதல் பத்து நிமிஷம் நெனச்ச மாதிரி.

திட்டினவங்களும் உண்டு, அவங்க சொன்னதும் சும்மா தள்ளிவிடற விஷயம் இல்ல. முக்கியமா ரெண்டு புகார். ஒண்ணு, இது படமா இல்ல சினிமா படிச்சவன் எழுதின தீசிஸா, எல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெச்ச பொம்மை மாதிரி இருக்கு, சர்க்கைத் தெரிஞ்ச நாலு பேருக்குத்தான் இதுன்னு. இன்னொண்ணு, 50கள்ல இருந்தவங்க இனவெறி பிடிச்சவங்க, பயந்தாங்கொள்ளிங்கன்னு 2002ல உக்காந்துட்டு சொல்றது சுலபம், சர்க் தன் காலத்தையே குத்தினாரு, இவரு செத்துப்போன காலத்தைக் குத்தறாருன்னு. இந்த ரெண்டாவது புகார்ல விஷயம் இருக்குன்னுதான் எனக்கும் தோணும். அந்த வகைல ஃபாஸ்பிண்டர் ஒரு படி மேல, அவரு எடுத்தது அன்னிக்கு மியூனிக் தெருவுல நடந்துட்டிருந்த விஷயம்.

முதல் புகாருக்கு மட்டும் பதில் உண்டு. பழைய பாணிய எடுத்துக்கறதுல மூணு விதம் இருக்கு, குழப்பிக்கக் கூடாது. மிமிக்ரி பண்றவர் ஒரு நடிகர் குரல்ல பேசினா நாம சிரிக்கறோம், அந்தக் குரல்ல எது ஓவரோ அதைத்தான் அவர் பிடிச்சிருப்பாரு, அது பகடி. அச்சு அசலா சாயல் மட்டும் கொண்டு வந்து "எப்படி?"ன்னு கேட்டா அது சாமர்த்தியம், பாஸ்டீஷ்னு சொல்வாங்க. ஆனா கச்சேரில ஒரு சிஷ்யர் குருவோட பாணில பாடறப்ப யாராவது சிரிப்பாங்களா? அந்தப் பாணிக்குள்ள நின்னுக்கிட்டு அவர் தன் ராகத்தைப் பாடறாரு. 'ஃபார் ஃப்ரம் ஹெவன்'ல யாரும் கேமராவைப் பாத்துக் கண்ணடிக்கறதே இல்ல, ஜூலியன் மூர் அந்த நாசூக்கான வசனத்தை "இதெல்லாம் பழசுன்னு எனக்கும் தெரியும்"ங்கற தொனியே இல்லாம பேசுவாங்க. அங்கங்க தியேட்டர்ல சிரிப்பு கேக்கலாம், ஆனா அது படம் பண்ற கிண்டல் இல்ல, நம்ம கூச்சம்.

இப்படி எல்லாருக்கும் அமையாது. 1998ல கஸ் வான் சான்ட் ஹிட்ச்காக்கோட 1960 படம் 'சைக்கோ'வை ஷாட்டுக்கு ஷாட் கிட்டத்தட்ட அப்படியே, கலர்ல எடுத்தாரு. அதே திரைக்கதை, அதே மியூசிக், திருடற பணம் மட்டும் 40,000 டாலர்லேர்ந்து 4 லட்சம் டாலராச்சு, விலைவாசி ஏறிப்போச்சில்ல. (அதுலயும் ஜூலியன் மூர் இருக்காங்க, ஹோமேஜ் ராசி போல.) விமர்சகர்கள் கிழிச்சுத் தொங்கவிட்டாங்க, மோசமான படத்துக்குக் குடுக்கற ராஸி விருதுல மோசமான டைரக்டர் பட்டமும் கிடைச்சுது. ஈபர்ட் அப்போ எழுதினதுதான் இந்த சப்ஜெக்ட்டுக்கே முக்கியமான வாக்கியம்னு நான் நெனைக்கறேன்: மேதைத்தனம் ஷாட்டுக்குள்ள இல்ல, ஷாட்டுக்கு நடுவுலயோ அடியிலயோ எங்கயோ இருக்குங்கற மாதிரி. அதே ஈபர்ட்தான் நாலு வருஷம் கழிச்சு ஹெய்ன்ஸுக்கு நாலு ஸ்டார் போட்டது. ரெண்டு பேரும் மரியாதைன்னுதான் எடுத்தாங்க, ரெண்டு பேரும் தோற்றத்தை அப்படியே கொண்டு வந்தாங்க. ஒருத்தர் பழைய படம் சொல்லி முடிச்சதைத் திரும்பச் சொன்னாரு, இன்னொருத்தர் அது சொல்ல முடியாம விழுங்கினதைச் சொன்னாரு. இருந்தாலும் வான் சான்ட் மேல எனக்கு ஒரு தனிப் பாசம் உண்டு, ஒரு பெரிய ஸ்டுடியோ காசுல 'காப்பி அடிச்சா உயிர் வருமா'ன்னு சோதனை பண்ணிப் பாக்கறதுக்கு ஒரு தில்லு வேணும், அந்தத் தோல்வியப் பத்தி இன்னிக்கும் எழுதிட்டேதான் இருக்காங்க.

ஜெர்மன் டைரக்டர் ஹெர்ட்சாக், அதே நாட்டுப் பழைய டைரக்டர் முர்னாவோட 1922 மௌனப் பேய்ப் படம் 'நொஸ்ஃபெராட்டு'வை 1979ல திரும்ப எடுத்ததும் இந்தக் கணக்குதான், ஆனா அவரோட காரணமே வேற. ஹிட்லர் காலத்தால ஜெர்மன் சினிமாவுல ஒரு தலைமுறையே காணாமப்போச்சு, எங்களுக்கு அப்பா இல்ல தாத்தாதான் உண்டுன்னு சொன்னவர் அவரு. அதைத் தனியா எழுதணும், இங்க தொட்டா முடியாது.

இனிமே இந்த மாதிரி ஒரு படத்துக்கு விமர்சனம் படிச்சீங்கன்னா, எழுதினவர் பழைய படத்தைப் பாத்திருக்காரான்னு மொதல்ல பாருங்க, அப்புறம் பழைய படத்தைப் பத்தி அவர் எண்ணம் என்னன்னு பாருங்க. முக்கால்வாசி சண்டை புதுப் படத்தைப் பத்தினதாவே இருக்காது, பழசு யாருக்குச் சொந்தம்ங்கறதைப் பத்தினதா இருக்கும். "ஒவ்வொரு ஷாட்டும் அதே மாதிரி"ன்னு மட்டும் எழுதியிருந்தா அது பாராட்டும் இல்ல திட்டும் இல்ல, வெறும் தகவல். ஏன் அதே மாதிரி வெச்சாங்கன்னு எழுதியிருந்தா அந்த ஆளை நம்பிப் படிக்கலாம்.

பாக்கற வரிசையப் பத்தி கேட்டா, சர்க், ஃபாஸ்பிண்டர், ஹெய்ன்ஸ்னு வருஷப்படி பாக்கச் சொல்வாங்க. நான் பாத்த மாதிரி தலைகீழாவும் பாக்கலாம், அதுல ஒரு சுகம் இருக்கு. ஹெய்ன்ஸ் படம் ரயில்வே ஸ்டேஷன்ல முடியுது, ரேமண்ட் ஊரை விட்டே போறாரு, ஒரு வார்த்தை கூட பேசிக்க முடியாம கேத்தி பிளாட்ஃபார்ம்ல நின்னு கைய மட்டும் அசைக்கறாங்க. அதைப் பாத்துட்டு சர்க் கிட்ட போனா, அங்க அடிபட்டுப் படுத்திருக்கற ரான் கண்ணைத் திறக்கறான், கேரி பக்கத்துல உக்காந்திருக்காங்க, ஜன்னலுக்கு வெளிய பனில ஒரு மான் வந்து நிக்குது. முதல் தடவ எனக்கு அந்த மானைப் பாத்து சிரிப்புதான் வந்துச்சு, ஸ்டுடியோ கேட்ட சுபம் இதுன்னு. ரெண்டாவது தடவ பாக்கறப்பதான் கவனிச்சேன், மான் இருக்கறது வெளிய, இவங்க ரெண்டு பேரும் உள்ள, நடுவுல அவ்ளோ பெரிய கண்ணாடி.